மூச்சு வாங்கறதா?

பாகீரதி மாமிக்குக் கல் நெஞ்சு என்பதில் அந்தத் தஞ்சாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் சந்தேகமில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த கணவரைத் தினமும் சாயங்காலம் கீழிருந்து இரண்டு மாடி ஏற வைத்து, மேலே நின்று மேற்பார்வை வேறு!

"ஏன்னா, மூச்சு வாங்கறதா?"

"லேசா..."

"அப்போ இன்னிக்கும் இல்லை."

சந்தானகிருஷ்ணனின் முகம் தொங்கிப்போகும்.

எதிர்வீட்டுக் கமருன்னிஸாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, மனுஷரைக் கொன்னுடாதீங்க! எங்க வீட்லயும் ஸ்டென்ட் வச்சவர்தான். சோபாவ விட்டு அசைய விடறதில்ல. ராத்திரி படுக்கையும் அங்கேயேதான்."

"நானாவா ஏறச் சொல்றேன்? ரெண்டு பேருமா கவுன்சலிங் போனோம். அந்த டாக்டரம்மா சொன்னது."

கவுன்சலிங்கா? கமருன்னிஸாவின் காது கூர்மையானது. "எதுக்கு மாமி? விவாகரத்தா?"

மாமி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"சாவு பயம்டீ அவருக்கு. ஸ்டென்ட் வச்ச நாள்லேர்ந்து என்னைத் தொடறதே இல்லை. நான் கையைப் பிடிச்சாக்கூட, உடனே நாடி பார்த்துக்கறார். மூச்சு வாங்காம ரெண்டு மாடி ஏறிட்டா நெஞ்சு அதுக்கும் தாங்கும், தைரியமா இருங்கோன்னுட்டா டாக்டர்."

மறுநாள் சாயங்காலம் சந்தானகிருஷ்ணன் படியேறி வந்தார். மாமியின் கேள்வி கேட்டது, வழக்கமான 'லேசா' கேட்கவில்லை. கதவைத் தாழிடும் சத்தம்தான் கேட்டது.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்றிருந்த கமருன்னிஸா விடுவிடுவென்று ஹாலுக்குப் போய், கணவர் யூனுஸின் கையிலிருந்த டி.வி. ரிமோட்டைப் பிடுங்கினாள்.

"எந்திரிங்க. படி ஏறணும்."