வாத்து வரி

மடத்தில் உணவு வேளையில் யாரும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஒருவர் மட்டும் நின்றபடி வேதம் வாசிப்பார். மற்றவர்கள் எழுந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. அன்று துறவி ஒதிலோவின் முறை. மடத்தலைவர் வேதத்துக்குப் பதிலாக ஒரு தோல் ஏட்டை நீட்டினார். முதல் வரியிலேயே ஒதிலோ அதை அடையாளம் கண்டுகொண்டான். மடத்தலைவரைக் கிண்டலடித்து அவனே பெயர் போடாமல் எழுதி ஊருக்குள் உலவவிட்ட லத்தீன் பாட்டு அது.

"எவன் எழுதினான்னு தெரியல. எல்லாரும் கேக்கட்டும், வாசி."

குரலில் எதையும் காட்டாமல் வாசித்தான். ஒரு கிழத்துறவி சிரிப்பை அடக்க அப்பத்தைக் கடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவரின் தோள் குலுங்கியது. தன் பாட்டுக்கு ஆள் சிரிப்பதை ஒதிலோ அதுவரை பார்த்ததே இல்லை. ஏட்டை விட்டு அந்த முகங்களையே பார்த்தபடி, குரலை உயர்த்தி முடித்தான்: "ஆண்டவர் ஐந்து அப்பத்தை ஊருக்கே பங்கிட்டார்; எங்கள் தலைவரோ ஐந்து வாத்தை ஒரே ஆளாகத் தின்று தீர்த்தார்."

கூடமே வெடித்துச் சிரித்தது.

மடத்தலைவர் கோபப்படவில்லை. "அத நகல் எடுத்தது நான்தான்," என்றார். "வாத்து வரிய எழுத மட்டும் கை கூசிச்சு. விட்டுட்டேன்."

ஒதிலோ குனிந்து பார்த்தான். ஏட்டின் அடிப்பகுதியில் எழுத்தே இல்லை; வெறும் தோல்தான் இருந்தது.

மடத்தலைவர் தன் தட்டிலிருந்த வாத்துக்காலை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"நின்னது போதும். வந்து என் பக்கத்துல உக்காந்து சாப்பிடு."