திரும்பி வந்த டேங்கர்

"சொந்த மச்சான் வண்டியையே திருப்பி அனுப்பிட்டு, தொண்டையில சோறு எப்படித்தான் இறங்குதோ."

மும்பையில் அந்தக் கோவண்டிச் சந்து முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனாள் ஹாஃபிஸா.

நுஸ்ரத் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். ஹாஃபிஸா அவளுக்கு மதினி. 'காக்கா' என்று அவள் கூப்பிடும் அண்ணன் யாசரின் மனைவி. திட்டு வாங்கியது நுஸ்ரத்தின் புருஷன் தாஹிர். அவன் குனிந்த தலை நிமிராமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

யாசர் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறான். தாஹிருக்குச் செம்பூர்ப் பக்கத்து டெப்போவில், வண்டிகளைப் பார்த்து உள்ளே விடுகிற வேலை. பெட்ரோல் ஏறும்போது டேங்குக்குள் இருக்கிற ஆவி வெளியே தள்ளும். அதை வேறொரு குழாய் போட்டு டெப்போவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். டேங்கின் மேல்மூடி இறுக்கமாக இல்லையென்றால் ஆவி காற்றில் கசியும். அந்த மாதிரி வண்டிக்கு லோடு கிடையாது.

அன்று காலை யாசர் வண்டியைத்தான் தாஹிர், "மூடி கசியுது" என்று திருப்பிவிட்டிருந்தான்.

"ஏங்க, அந்த மூடி இன்னிக்குத்தான் கசிய ஆரம்பிச்சுதா?"

"இல்ல. ரொம்ப நாளாவே."

"அப்போ இத்தனை நாள் எப்படி விட்டிய?"

"மச்சானாச்சேன்னு விட்டேன்."

"இன்னிக்கு மச்சான் இல்லையாக்கும்."

தாஹிர் கை கழுவ எழுந்து போய்விட்டான்.

மறுநாள் தண்ணிக் குழாயடியில் பக்கத்து வீட்டு ஜுவைரியா காதைக் கடித்தாள். "உன் வீட்டுக்காரரைப் பெர்மனென்ட் ஆக்கப் போறாங்களாமே. சொந்தக்காரனையே பிடிச்சுக் கொடுத்தா மேனேஜருக்கு மனசு குளிராதா பின்னே?"

நுஸ்ரத்துக்குக் குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

தாஹிர் டியூட்டிக்குச் சட்டை மாட்டும்போது கேட்டேவிட்டாள். "பெர்மனென்டுக்காகத்தான் செஞ்சியளா?"

"யாரு சொன்னா?"

"இல்லேன்னு சொல்லுங்க."

"நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? காக்காவை வண்டி முதலாளி சேட் வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? இனி அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பது? அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனாள்.

ஹாஃபிஸா தனியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காக்கா எங்க மதினி?"

"கேரேஜ்ல. வண்டி ஒரு நாள் சும்மா நின்னதும் சேட்டுக்குப் பொறுக்கல. புது மூடி வாங்கிட்டு ஓடியாந்துட்டான்."

நுஸ்ரத்துக்கு அழுகை வந்துவிட்டது. "அவரு செஞ்சதுக்கு நான் மாப்பு கேக்குதேன் மதினி."

ஹாஃபிஸா எழுந்து கதவைச் சாத்தினாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூடியை மாத்துன்னு உன் காக்கா எத்தனையோ தடவை கேட்டாச்சு. சேட் காதுலயே வாங்கல. லோடு ஏறி முடியிற வரைக்கும் அந்த மூடி மேல காலை வச்சு அமுக்கிட்டு நிப்பாரு. ஆவி பூரா மூக்குலதான். போன வாரம் தலை சுத்தி ஏணியில இருந்து விழுந்துட்டாரு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு உனக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

நுஸ்ரத் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன் வீட்டுக்காரரு மச்சானாச்சேன்னு விட்டாரு பாரு, அதுதான் இவரைக் கொல்லப் பாத்துச்சு. வண்டியைத் திருப்பி அனுப்புங்கண்ணே, யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு நான்தான் போய் அழுதேன்."

"பிறகு ஏன் மதினி, சந்தே கேக்குற மாதிரி அவரை அப்படித் திட்டுனீங்க?"

ஹாஃபிஸா மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

"நான் திட்டாம இருந்தா, உன் காக்காவுக்கு என் மேலதான சந்தேகம் வந்திருக்கும்."