சிறுத்தை: இல்லை

"சிறுத்தைன்னு ஒண்ணு அந்தப் பக்கமே கெடையாது மேடம். இந்தா, ஆதாரம்."

நீல அட்டை போட்ட டைரியை வனச்சரகர் ஆனந்தவல்லியின் மேசைமேல் வைத்தார் சுயம்புலிங்கம். அது கோணலாக இருப்பது பொறுக்காமல் விரலால் தள்ளி நேராக்கினார்.

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியவர் அவர். விடியற்காலை ஐந்து மணிக்கு அய்யனார் கோவில் சாலையில் நடக்கத் தொடங்கி, மாந்தோப்புகளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாக வீடு வந்து சேருவார். வந்ததும் டைரி எழுதி முடிக்காமல் காப்பியைத் தொடமாட்டார்.

அந்த வாய்க்கால் கரைப் பாதையைச் சங்கிலி போட்டு அடைக்கும் உத்தரவு, தட்டச்சாகி மேசையில் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நடை நின்னா எனக்குச் சுகர் முந்நூறத் தொட்டுரும் மேடம். ஒருத்தி கனவு கண்டான்னு பாதைய அடைப்பியளா?"

அந்த ஒருத்தி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். எதிர்வீட்டுப் பாண்டிசெல்வி. பாதையை அடைக்கச் சொல்லி மனு கொடுத்தவளும் அவள்தான்.

"கனவா? ஒன்பதாந் தேதி விடியக்காலம் வாசல் தெளிக்க வெளிய வாரேன், அண்ணாச்சி வீட்டு கேட்டுக்கு முன்னால வாலச் சுருட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. வாளியப் போட்டுட்டு உள்ள ஓடுனவதான்."

"நான் அன்னைக்குக் காய்ச்சல்ல கம்பளியப் போத்திப் படுத்துக்கெடக்கேன். தெருவுல இருபத்தேழு வீடு இருக்கு. அம்புட்டையும் விட்டுட்டு என் வீட்டு வாசல்லயா வந்து உக்காரும்? பூனையப் பாத்திருப்பா மேடம்."

"கன்னுக்குட்டி உயரத்துக்கா அண்ணாச்சி பூனை இருக்கும்?"

"பால்கோவா தின்ன பூனையா இருக்கும்."

ஆனந்தவல்லி சிரிக்காமல் டைரியைப் புரட்டினார். 'கிளம்பியது 5.00. வாய்க்கால் கரை 5.40. வீடு 6.10. மயில் நான்கு. மிளா மான் ஒன்று. சிறுத்தை: இல்லை.' மறுநாளும் சிறுத்தை இல்லை. அதற்கு மறுநாள் மயிலும் இல்லை.

"இல்லாததை எதுக்கு சார் தெனமும் எழுதுறிய?"

"இல்லைங்கிறதும் ரிப்போர்ட்டுதான மேடம்? இருநூத்திப் பன்னெண்டு நாள். அந்தக் காய்ச்சல் அன்னைக்கு மட்டுந்தான் லீவு."

ஆனந்தவல்லி இழுப்பறையிலிருந்து, தேதியும் நேரமும் வரிசையாக அச்சான ஒரு தாளை எடுத்தார். டைரியில் ஒரு தேதி, தாளில் ஒரு டிக். டைரியில் ஒரு நேரம், தாளில் இன்னொரு டிக். முப்பதாவது டிக் விழுந்தபோது சுயம்புலிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இப்படி வரி வரியாகத் தன் டைரியைப் படித்த அதிகாரியை அவர் இதுவரை கண்டதில்லை.

"இன்னொண்ணும் குறிச்சுக்கிடுங்க மேடம். சிறுத்தை நடமாடுனா நாய்க குரைக்காதா? முன்னால மொனை வரைக்கும் வெரட்டிக்கிட்டு வந்த நாய்க, ரெண்டு மாசமா என்னையக் கண்டா கப்சிப். இந்தா இவ வீட்டு ராஜபாளையம் நாய், எம்புட்டுப் பெரிய நாய், அதுவே கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்கிடுது. நடையில ஒரு மிடுக்கு இருக்குல்லா."

அதற்கு மட்டும் பாண்டிசெல்வியும் ஆமாம் என்று தலையாட்டினாள். நாய் நிஜமாகவே கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது.

ஆனந்தவல்லி பேனாவை மூடினார். "வாய்க்கால் கரை மாமரத்துல ஒரு கேமரா கட்டியிருந்தோம் சார். முந்தாநாள்தான் கழட்டினோம். படத்துல இருக்குற ஆளு யாருன்னு ரெண்டு நாளாத் தேடிக்கிட்டிருக்கோம்." கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் சுயம்புலிங்கம் கைவீசி நடந்துகொண்டிருந்தார். நேரம் 5.41.

"நாந்தான்," என்றார் பெருமையாக.

அடுத்த படத்தில் அவர் இல்லை. அதே பாதை, அதே மாமரம். நேரம் 5.42. நடுவில் ஒரு சிறுத்தை, அவசரமே இல்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் 5.40, அவர். 5.41, அது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு படத்தில் மழை. குடை பிடித்தபடி அவர். அடுத்த படத்தில் நனைந்தபடி அது.

"ஏழு வாரமா ஒரு நாள் தவறல. ஏன் வருதுன்னு எங்களுக்கும் வெளங்கல. நீங்க ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையா சார்?"

"நடக்கையில பின்னால பாத்துப் பழக்கமில்ல மேடம்." சொன்னது அவர் காதுக்கே கேட்கவில்லை.

"ஒன்பதாந் தேதி மட்டும் படத்துல ரெண்டு பேரையும் காணோம். நீங்க வரலன்னதும் தேடிக்கிட்டு வீட்டுக்கே வந்திருக்கு."

சுயம்புலிங்கம் மேசையில் கிடந்த உத்தரவை எடுத்து, இரண்டு கையாலும் ஆனந்தவல்லியிடம் நீட்டினார். "அடச்சிருங்க மேடம். இன்னைக்கே சங்கிலியப் போட்டுருங்க."

ஆனந்தவல்லி அதை வாங்கி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "அது எப்படி சார்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கூண்டு வர பத்து நாளாகும். அதுவரைக்கும் நீங்க பாட்டுக்கு வீட்டுல இருந்துட்டா, அது தெருவுக்குள்ள வந்துரும்ல?"

தெருக்காரியாவது தனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று சுயம்புலிங்கம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பாண்டிசெல்வி எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இதுவரை இல்லாத மரியாதையோடு சொன்னாள்:

"நாளையில இருந்து நாலரைக்கே நான் காப்பி கொண்டாந்து எழுப்பிவிடுதேன் அண்ணாச்சி."