நான்காவது வரி

பிற்பகல் மூன்று நாற்பது. வெளியே விட்டு விட்டுத் தூறல்.

ஆய்வுக்கூடத்தின் எஃகுக் கலத்துக்குள் அறுபத்திரண்டு மணி நேரம் ஒளிர்ந்த ஊதா வெளிச்சம் அப்போதுதான் அணைந்திருந்தது. வாயுவுக்குள் மின்சாரம் பாய்ச்சி எழுப்பிய ஒளி அது. அதிலிருந்து உள்ளேயிருக்கும் தகட்டின்மேல், பாலாடை போல மெல்லிசாக, வைரம் படிய வேண்டும்.

மூன்று முறை படிந்தது; மூன்று முறையும் காய்ந்த சுண்ணாம்பு போல உரிந்து கொட்டியது. விஞ்ஞானி வாயுவைக் குறை சொன்னாள், தகட்டைச் சொன்னாள், கடைசியில் இயந்திரத்தை இயக்கும் ஆபரேட்டரையும் சொன்னாள். இந்த நான்காவதும் உரிந்தால் ஆய்வையே மூடிவிடுவதாக நிர்வாகி சொல்லியிருந்தார்.

அந்த நிர்வாகிதான் இப்போது நாலு விருந்தாளிகளோடு வந்து நின்றார்.

"வைரத்தைக் கண்ணுல காட்டுங்கம்மா."

அவளுக்கும் அந்த அவசரம்தான். "திறங்க அண்ணா" என்றாள்.

ஆபரேட்டர் கலத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தடவினார்.

"வால்வு கைப்பிடியைக் காணோம்மா."

இருபது வருஷத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொலைக்காத மனிதர். 'பூட்டு' என்பதுதான் அங்கே அவருக்குப் பெயரே.

"வைரம் வளர்க்கிற இடத்துல கைப்பிடிக்குப் பஞ்சமா?" என்றார் நிர்வாகி. விருந்தாளிகள் சிரித்தார்கள்.

அவளுக்கு முகம் எரிந்தது. "மூணு தடவை கெட்டது போதாதா அண்ணா? இன்னைக்குமா?"

"வயசாகுது இல்லையாம்மா. காலையில தேடிக் குடுத்துடறேன்."

நாளை ஒன்பது மணிக்கு வருவதாகவும், அதுவே கடைசித் தவணை என்றும் சொல்லிவிட்டு நிர்வாகி கிளம்பினார்.

மறுநாள் காலை ஆபரேட்டர் தன் டிபன் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து, இரவெல்லாம் ஆறிக் குளிர்ந்திருந்த கலத்தைத் திறந்தார். தகட்டில் ஒரு பொருக்குக்கூட உதிரவில்லை. நிர்வாகி எஃகு ஆணியால் கீறிப் பார்த்தார், தேய்ந்தது ஆணிதான். வாசல் காவலாளிவரை எல்லோரிடமும் "நம்ம வைரம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவள் மட்டும், இதுவரை புரட்டியே பார்த்திராத இயந்திரப் பதிவேட்டைத் திறந்தாள்.

முதல் மூன்று வரிகளிலும் 'சூடு ஆறுமுன் திறக்கப்பட்டது' என்ற குறிப்பு. மூன்று முறையும் "ஆறட்டும்மா" என்ற அவர் பேச்சைக் கேட்காமல் கைப்பிடியைப் பிடுங்கித் திருகியவள் அவள். ஆனால், 'திறந்தவர்' என்ற இடத்தில் அவர் தன் பெயரை எழுதியிருந்தார்.

நான்காவது வரியில், 'முழுதாக ஆறிய பின் திறக்கப்பட்டது' என்பதற்கு எதிரே, அவள் பெயர்.

அவள் பேனாவை எடுத்தாள். நான்கு பெயர்களையும் அடித்து, தலை நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, இடம் மாற்றி எழுதினாள்.