ஒரு நகத்துச் சிவப்பு

பஞ்சில் சிவப்பு வந்தது.

வரக்கூடாது. கிட்டாரின் மேல்பூச்சு கம்பெனியில் போட்டது. பெயிண்ட் கரைக்கிற தின்னருக்கெல்லாம் அசையாது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகச் சிவப்பு. அந்தச் சிவப்பு ஓரத்தில்தான் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மிளகளவு இருக்கும்.

மகள் ஷைனி நாளை கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அங்கே சபை ஆராதனையில் வாசிக்க இந்தக் கிட்டார்தான் வேண்டுமாம். காயத்தோடு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடியில் நாலு கடை ஏறி இறங்கி, லாக்கர் வார்னிஷும் சிவப்புச் சாயமும் வாங்கிவந்து, தேங்காய்ச் சிரட்டையில் கலந்து வைத்திருந்தார். பூசுவதற்கு முன் அழுக்கைத் துடைக்கலாம் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

துடைத்த இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. பெயர்ந்த சில்லைவிடப் பெரியது. பழையது.

பஞ்சை ஜன்னலருகே கொண்டுபோனார். சிவப்புக்குள் பொடிப்பொடியாக மினுங்கியது. கிட்டாருக்கு யார் மினுக்குப் போடுவார்கள்?

நெயில் பாலிஷ்.

பியூலா.

அவர் மனைவி நகத்துக்குச் சாயம் பூசுகிறவள் இல்லை. அவர்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை, நகை போடுவதில்லை. கல்யாணத்துக்கே மோதிரம் மாற்றவில்லை. வேதாகமம்தான் மாற்றிக்கொண்டார்கள்.

ஒரே ஒருமுறை பூசினாள்.

ஷைனி அப்போது சின்னப் பிள்ளை. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ரசம் ஊற்ற வந்த பியூலாவின் இடது கையில், மோதிர விரலில் மட்டும் சிவப்பு. அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தார். கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அழகாகத்தான் இருந்தது. மற்ற விரல்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்டார்.

"சும்மா," என்றாள். "போட்டுப் பாத்தேன்."

ஆசைப்பட்டிருக்கிறாள், சபைக்குப் பயந்து ஒற்றை விரலோடு நிறுத்திக்கொண்டாள் என்று நினைத்தார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவள் இறந்துபோன பிறகு, ஃபேன்ஸி ஸ்டோரில் அந்தக் குட்டிப் பாட்டில்களைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

கடைசியில் பார்த்தால் கலர் பார்த்திருக்கிறாள்.

பெருக்கும்போது கிட்டாரைக் கீழே தள்ளியிருப்பாள். கிட்டார் விஷயத்தில் அவர் அப்போதெல்லாம் தொட்டாச்சிணுங்கி. ஒரு கீறலுக்கு இரண்டு நாள் பேசமாட்டார். அதனால் கடைக்குப் போய், சேருகிற சிவப்பாகத் தேடி, விரலில் பூசிப் பார்த்து, சத்தமில்லாமல் பள்ளத்தை மூடிவிட்டாள். வாரா வாரம் மடியில் வைத்து வாசித்தவருக்குத் தெரியவில்லை.

வாய்விட்டுச் சிரித்தார். ஆளில்லாத வீட்டில் அது கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

சின்ன ஏமாற்றமும் இருந்தது. அது அவளுடைய ஆசை இல்லை. அவருடைய கிட்டாருக்காகச் செய்தது.

பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

அடுத்து வந்த பிப்ரவரியில், சபையின் கன்வென்ஷன் கூட்டம். அவர் மேடையோரம் வாசிக்கிறார். பெண்கள் பக்கம் எல்லோரும் கைதட்டிப் பாடுகிறார்கள். பியூலா மட்டும் இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, வலது கையால் தொடையில் தாளம் போடுகிறாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, நகம் வளர்ந்து சிவப்பு பாதியாகியிருந்தது. ஆனால் இருந்தது.

கலர் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. பள்ளமும் மூடியாயிற்று. பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டினால் போயிருக்கும்.

அவள் சுரண்டவில்லை.

அவர் பஞ்சைத் தூரப் போட்டார். பள்ளத்தில் பாதிச் சிவப்பு இன்னும் மிச்சம் இருந்தது. நல்லவேளை. அதைத் தொடக்கூடாது. சில்லு பெயர்ந்த இடத்தையும் துடைத்துக் கெடுத்த பாதியையும் மட்டும் நிரப்ப வேண்டும். அவள் சிவப்போடு ஒட்ட வேண்டும். கம்பெனிச் சிவப்போடு அல்ல.

சிரட்டையில் இருந்தது கொஞ்சம் அடர்த்தி. லாக்கரை இன்னும் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினார். சேருகிறதா என்று தீற்றிப் பார்க்க ஒரு துண்டு அட்டை தேடினார். அகப்படவில்லை.

தன் இடது கையைப் பார்த்தார்.

மறுநாள் ஷைனி கிட்டாரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிபட்ட இடம் எதுவென்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் காப்பி டம்ளரை நீட்டியபோதுதான் விரலைக் கவனித்தாள்.

என்னப்பா இது என்று கேட்டாள்.

தின்னர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"சும்மா," என்றார். "போட்டுப் பாத்தேன்."