புகார் இல்லாத வார்டு

"நாற்பத்தேழு புகார்" என்றார் ஆணையர்.

மேசைக்கு முன்னால் நின்றிருந்த ஏழாவது வார்டு குழாய் ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே வருடத்தில், ஒரே ஆள் மேல். நகராட்சி தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு சாதனையை யாரும் செய்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் எட்டாவது வார்டு ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் ஒரு புகார்கூடக் கிடையாது. சுத்தமான பூஜ்ஜியம். அரை மணி நேரத்துக்கு முன்புதான் சிறந்த ஊழியர் சான்றிதழ் வாங்கியிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கட்டும் என்று அதை மடியில் விரித்து வைத்திருந்தார்.

அந்தப் பூஜ்ஜியத்தின் ரகசியம் ஊருக்கே தெரியும். வார்டின் புகார்ப் புத்தகம் அந்தந்த ஃபிட்டரிடம்தான் இருக்கும். எட்டாவது வார்டில் அது இழுப்பறைக்குள் இருந்தது. சாவியை மட்டும் காணவில்லை. "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். மூன்றாம் நாள் யாரும் வருவதில்லை.

ஆணையர் ஏழாவது வார்டின் புத்தகத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். சத்தமாகவே படித்தார்.

"கும்பகர்ணனாவது ஆறு மாதத்தில் எழுந்துவிடுவான். எங்கள் ஃபிட்டரை எழுப்ப எத்தனை மேளம் அடிக்க வேண்டும் என்று நகராட்சி தெரிவிக்குமா?"

பூஜ்ஜியக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நின்றிருந்தவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார். அந்த வரியை மனைவி எழுதி வாசித்துக் காட்டிய அன்றே அவர் வயிறு வலிக்கச் சிரித்து முடித்திருந்தார்.

நாற்பத்தேழையும் எழுதியவள் அவள்தான்.

வேறென்ன செய்வது? புகார் எண் இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே வராது. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த வால்வு இறுகிக் கிடக்கிறது என்பதெல்லாம் ஃபிட்டருக்கு அத்துப்படி. ஆனால் யாராவது அவரைப் பற்றிப் புகார் எழுதினால்தான் சாமான் கிடைக்கும். வார்டு ஜனங்களோ பழைய ஃபிட்டர் காலத்தில் எழுதி எழுதிச் சலித்துப்போய், எப்போதோ கைகழுவிவிட்டார்கள்.

அதனால் காலையில் அவர் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றிப் பழுதுகளைப் பார்த்துவருவார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் ஏதாவது ஒரு பெயரில் புத்தகத்தில் எழுதுவாள். 'ஒழுகுகிறது' என்று மட்டும் எழுதினால் போதாதா என்று ஒருமுறை கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

"உப்புச் சப்பில்லாம எழுதினா எவன் படிப்பான்? பதினெட்டு வருஷமா மனசுல வச்சிருந்தது இப்பத்தான் உருப்படியா ஒரு வேலைக்கு ஆகுது. சும்மா இருங்க" என்றாள்.

அவள் திட்டத் திட்ட வார்டு செழித்தது. ஒழுகல் நின்றது. மேட்டுத் தெருவுக்கும் தண்ணீர் ஏறியது. கடைசி வீட்டில் முழங்கால் தேய்ந்துபோன தையல்காரம்மா ஒருத்தி இருந்தாள். இரண்டு தெரு தாண்டிக் குடம் சுமந்துகொண்டிருந்தவள், இப்போது வாசல் குழாயிலேயே பிடித்துக்கொள்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் ஃபிட்டருக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும்.

ஆணையர் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நாளையிலிருந்து வார்டு மாத்தம். நீங்க எட்டு. அவரு ஏழு."

பூஜ்ஜியக்காரர் எழுந்து, நன்றி சொல்லி, சான்றிதழோடு வெளியே போனார். ஃபிட்டர் மேசையை நெருங்கினார்.

"சார், மெமோ கொடுங்க. இன்கிரிமென்ட்ட நிறுத்துங்க. வார்ட மட்டும் மாத்தாதீங்க. அவரு கைக்குப் போனா ஒரே மாசத்துல எல்லாக் குழாயும் காஞ்சிடும்" என்றார். "இத்தனையும் எழுதினது என் வீட்டுக்காரிதான் சார். ஸ்டோர்ல சாமான் வாங்கறதுக்காக."

ஆணையர் அசரவே இல்லை.

"அது எப்பவோ தெரியும். முப்பத்தொன்பதாவது புகார்ல உங்க குறட்டையப் பத்தியே நாலு வரி இருக்கு. வார்டு ஜனங்களுக்கு அது எப்படிங்க தெரியும்?"

ஃபிட்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆணையர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் நகர்த்தினார். எட்டாவது வார்டின் ஒரு விலாசம் அதில் இருந்தது. அடியில், 'மூன்று வாரமாகக் குழாயில் காற்றுதான் வருகிறது' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

அது ஆணையரின் வீட்டு விலாசம்.

"என் ஆபீஸ் மேல நானே புகார் எழுதினா நல்லாவா இருக்கும்?" என்றார் தாழ்ந்த குரலில். "உங்க வீட்டம்மாவையே ஒண்ணு எழுதச் சொல்லுங்க. ஆணையரையும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டட்டும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஃபிட்டர் சீட்டைக் கையில் எடுத்தார். போகாமல் நின்றார்.

"அப்ப ஏழாவது வார்டு, சார்?"

ஆணையர் அதையும் யோசித்து வைத்திருந்தார்போலும். நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அங்க இனிமே ஒரு புகாரும் வராது."