சிவக்காத வில்லை

மேசைக்கு இந்தப் பக்கம் நான், எதிரே கருவிகளைப் பரிசோதிக்கும் அக்கா, கதவோரம் பெட்டி கட்டும் மச்சான். விமானத்தின் உயரங்காட்டியை நுரைமெத்தையில் பொதிந்து மூடி, அடிபட்டால் சிவந்துவிடும் வெள்ளை வில்லையை ஒட்டினார் மச்சான். தூக்கும்போது பெட்டி கைநழுவித் தரையில் விழுந்தது.

"என் வேலை போச்சு, மாப்ள!"

வில்லை சிவக்கவில்லை, பெட்டியில் கீறலும் இல்லை. அக்கா பிரித்துச் சோதித்தாள்.

"இது குண்டுக்கல்லாட்டம் இருக்கு. நீங்கதான் உடைஞ்சு நிக்கிறீங்க."

மச்சானுக்குப் போன உயிர் திரும்பியது. எதற்கும் வேறு பெட்டியில் கட்டலாமென்று அலமாரிப் பூட்டைத் திறந்தேன். அடுத்த சரக்குக்காக, காலையில்தான் நான் வில்லை ஒட்டி நல்லபடியாக வைத்துப் பூட்டிய காலிப் பெட்டி ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. அதன் வில்லை சிவந்திருந்தது.

"பூட்டிடு," என்றார் மச்சான், மெதுவாக.

பழைய பெட்டியிலேயே கட்டினோம். 'பெட்டி விழுந்தது, சோதித்தோம், கருவி நலம்' என்றொரு சீட்டெழுதி, உறையிலிட்டு ஒட்டி, வண்டியோடு அனுப்பினேன்.